பல் வரிசையும் பிளாஸ்டிக் உறையும்

எர்ணாகுளம் மாவட்டத்தின் தலைமையிடமான காக்கநாட்டில் 2004-ஆம் ஆண்டில் இன்போபார்க் நிறுவப்பட்டது. கணிப்பொறித் தொழிலை நாடி வந்த இளைஞர்கள் பெருந்தொகையினர் அங்குக் குடியேறினர். பல்லைச் சீராக்கக் கம்பி கட்டிக்கொள்வதற்குப் பதிலாக, கண்ணுக்கு எளிதில் புலப்படாத பிளாஸ்டிக் உறையை அணியும் வழக்கம் இத்தகைய நகரங்களில் பரவி வருகிறது. 'அலைனர்' எனப்படும் இவ்வுறையை உண்ணும்போதும் பல் துலக்கும்போதும் கழற்றி வைக்கலாம். இது விஞ்ஞானத்தின் நல்விளைவு என்பதில் ஐயமில்லை. ஆயினும், இதனால் யாருக்குப் பயன், எப்போது பயன் என்பதைப் பள்ளி ஆசிரியர்களும் சுகாதாரக் கள ஊழியர்களும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

மேற்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றோடொன்று பொருந்தும் முறையே கடிப்பு எனப்படும். அமெரிக்க வைத்தியர் எட்வர்டு ஏங்கல் 1899-ஆம் ஆண்டில், முதல் நிலைக் கடைவாய்ப்பற்களின் பொருத்தத்தை அடிப்படையாகக் கொண்டு, தவறான கடிப்பை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். அப்பகுப்பு இன்றும் வழக்கில் உள்ளது. எத்துப்பல், தெற்றுப்பல், இடைவெளிப் பல் என்று நம் மக்கள் பெயரிட்டு வழங்குபவை வெளித்தோற்றம் மட்டுமே. குறை பற்களின் வரிசையில் உள்ளதா, தாடை எலும்பின் வளர்ச்சியில் உள்ளதா என்பதே வைத்தியர் முதலில் காண வேண்டிய உண்மை.

பல் எலும்பில் நேரே பதிந்திருக்கவில்லை. மெல்லிய நார்த்திசு ஒன்று இரண்டையும் இணைக்கிறது. பல்லின்மீது இலேசான அழுத்தம் தொடர்ந்து செலுத்தப்படின், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு உண்டாகிறது. இவ்வாறே பல் நகர்கிறது. அழுத்தம் மிகையாயின் இரத்த ஓட்டம் தடைப்பட்டு நகர்ச்சி தாமதமாகும். வேரும் தேய்ந்து குறுகக்கூடும். கம்பியாயினும் உறையாயினும் இந்த இயற்கை விதிக்கு உட்பட்டவையே.

உறையால் பல்லை நகர்த்தும் எண்ணம் புதிதன்று. ஹெரால்டு கெஸ்லிங் என்பவர் 1945-ஆம் ஆண்டிலேயே, சிகிச்சையின் இறுதிக் கட்டத்தில் பற்களைச் சரியான நிலையில் அமர்த்தும் ரப்பர் சாதனம் ஒன்றை விவரித்தார். 1997-இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற அலைன் டெக்னாலஜி நிறுவனம் கணிப்பொறியின் துணையோடு இவ்வெண்ணத்தை விரிவாகச் செயற்படுத்தியது. இம்முறையில் வாயின் வடிவம் கணிப்பொறியில் பதிவு செய்யப்படுகிறது. பற்கள் படிப்படியாக நகர வேண்டிய நிலைகள் வகுக்கப்பட்டு, ஒவ்வொரு நிலைக்கும் ஓர் அச்சு வார்க்கப்படுகிறது. அதன்மேல் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிப் படியவைத்து உறை செய்யப்படுகிறது. ஓர் உறை பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அளவே நகர்த்தும். ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை உறையை மாற்றி, நாள்தோறும் 20 முதல் 22 மணி நேரம் அணிந்திருக்க வேண்டும்.

கழற்றக்கூடியது என்பதே இதன் சிறப்பு. அதுவே இதன் குறையும் ஆகும். கம்பி, நோயாளியின் மனப்போக்கை எதிர்பாராமல் தன் வேலையைச் செய்யும். பெட்டியில் வைக்கப்பட்ட உறையோ எதையும் செய்யாது. மிகுதியாகச் சுழன்ற பல்லைத் திருப்புவதும், எலும்பினின்று பல்லைக் கீழே இறக்குவதும் உறைக்குக் கடினமான காரியங்கள். தாடை எலும்பிலேயே பெரும் வேறுபாடு கொண்ட பெரியவர்களுக்கு, சில வேளைகளில் அறுவைச் சிகிச்சையும் வேண்டியிருக்கும். சிகிச்சை முடிந்த பின்னரும், பற்கள் பழைய நிலைக்குத் திரும்பாதிருக்க, நிலைநிறுத்தும் சாதனத்தை நெடுங்காலம் அணிதல் வேண்டும்.

வைத்தியரின் நேரடிப் பரிசோதனையின்றி உறையைத் தபாலில் தருவித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் சில ஆண்டுகளுக்கு முன் பரவியது. இத்துறையில் பெயர் பெற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் என்னும் அமெரிக்க நிறுவனம் 2014-இல் தோன்றியது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் தன் அலுவல்களை முற்றிலும் நிறுத்திவிட்டது. சிகிச்சை நடுவே இருந்தவர்கள் வேறு வைத்தியர்களை நாட நேரிட்டது. ஈறு நோயையும் வேரின் நிலையையும் ஆராயாமல் பல்லை நகர்த்துவது, அஸ்திவாரத்தைப் பாராமல் சுவரைத் தள்ளுவதை ஒக்கும். பல் வைத்தியம் சரக்கு விற்பனையன்று என்பதே இந்நிகழ்ச்சி புகட்டும் பாடம்.

இனி, குழந்தைகளின் நிலையைக் காண்போம். இன்போபார்க்கின் ஊழியர் இருபத்தைந்தாம் வயதில் பெரும் பொருள் செலவிட்டுத் திருத்திக்கொள்ளும் குறைகளுள் சில, ஏழாம் வயதில் சிறு செலவில் தடுக்கக்கூடியவையாக இருந்தவை. 'விழப்போகும் பல்தானே' என்று பெற்றோர் பால்பல்லின் சொத்தையைப் புறக்கணிக்கின்றனர். ஆனால் பால் கடைவாய்ப்பல், பின்னர் முளைக்கவிருக்கும் பல்லுக்கு இடம் காத்து நிற்கும் காவலாகும். அது காலத்துக்கு முன் விழுமாயின், ஆறாம் வயதில் முளைத்த நிலைக் கடைவாய்ப்பல் முன்னோக்கிச் சரிகிறது. பின்னால் வரும் பல் இடமின்றித் தெற்றிக்கொள்கிறது. அவ்விடத்தை ஒரு சிறு உலோக வளையத்தால் காத்துவிடலாம். அதற்கு உரிய காலத்தில் குழந்தை பல் வைத்தியரிடம் சென்றிருத்தல் வேண்டும், அவ்வளவே.

நிலைப்பற்கள் அனைத்தும் முளைத்த பின்னரே சிகிச்சை செய்ய வேண்டும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. நெடுநாள் விரல் சூப்புதல், வாயால் மூச்சுவிடுதல், மேற்பல் கீழ்ப்பல்லுக்கு உட்புறமாகப் பொருந்துதல் ஆகியவற்றை முன்னரே கவனித்தல் நலம். பல் வரிசையைத் திருத்துவது வெறும் அழகுக்காக என்ற வாதமும் பொருந்தாது. முன்னே துருத்திய மேல் வெட்டுப்பற்கள் விளையாட்டில் விழும்போது எளிதில் உடைகின்றன. சக மாணவரின் பரிகாசத்துக்கு அஞ்சி, கையால் வாயை மூடிக்கொண்டு பாடம் வாசிக்கும் சிறுமியின் துன்பமும் சுகாதாரக் கேடுதான்.

2013-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோர் பரிசோதிக்கப்பெறுகின்றனர். அங்கன்வாடியில் ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளில் ஒருமுறையும் சோதனை நடைபெற வேண்டும். அச்சோதனையில் சொத்தைப் பற்களை எண்ணுவதோடு நில்லாமல், பல்லைக் கடிக்கச் சொல்லிப் பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நிமிடமும் நல்ல வெளிச்சமும் போதும். ஐயமுள்ள குழந்தையை அரசு மருத்துவமனைக்கோ, கோட்டயம், திருவனந்தபுரம் முதலிய இடங்களிலுள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கோ அனுப்பலாம். எந்தச் சாதனம் தகும் என்பதை அங்குள்ள வைத்தியர் முடிவு செய்வார்.

பிளாஸ்டிக் உறையை வெறுக்க வேண்டுவதில்லை, வியக்கவும் வேண்டுவதில்லை. தக்கவருக்குத் தக்க வைத்தியர் தரும்போது அது நல்ல சாதனம். ஆயினும் பொதுப் பணத்துக்கும் பொது முயற்சிக்கும் முதல் உரிமையுடையது, பள்ளிப் பிள்ளையின் பால்பல்லே ஆகும். அதைக் காப்பதில் ஆசிரியரும் கள ஊழியரும் செலவிடும் சிறு கவனம், பின்னாளில் பல குடும்பங்களைப் பெருஞ்செலவினின்றும் காக்கும்.