ரயில் யார் வீட்டையும் துளைக்கவில்லை



இந்த வாரம் மட்டும் நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே வீடியோ வந்தது. சீனாவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வயிற்றுக்குள் ரயில் புகுந்து மறுபக்கம் போகிறது. "ஏழைகள் வீட்டைத் துளைத்துப் பாதை போட்ட சர்வாதிகாரம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "வீட்டையே ஓட்டை போட்டு ரயில் விட்டான் பாரு, அதான் சைனா! நம்ம ஊர்ல நடக்குமா?" என்று இன்னொருவர். இருவரும் என்னிடம் படித்தவர்கள். இருவருக்கும் நான் பூஜ்யம்தான் போடுவேன்.

அந்த இடம் சோங்கிங் மாநகரின் நடுப்பகுதியான யூசோங் மாவட்டம். ஒரு பக்கம் யாங்சே ஆறு, மறுபக்கம் ஜியாலிங் ஆறு, நடுவில் நாக்கு போல நீண்ட மலைமேடு. சமதளம் என்பதே அரிது. அந்த ரயில் நிலையத்தின் பெயர் லிசிபா. 19 மாடிக் கட்டடத்தில் 6 முதல் 8 வரை நிலையம், அதற்கு மேலே வீடுகள். இரண்டையும் சேர்த்தே திட்டமிட்டு, சேர்த்தே கட்டினார்கள். ரயிலைத் தாங்கும் தூண்கள் வேறு, வீடுகளைத் தாங்கும் தூண்கள் வேறு. மோனோ ரயிலுக்கு ரப்பர் சக்கரம் என்பதால் சத்தமும் குறைவு. யார் வீட்டையும் யாரும் துளைக்கவில்லை. ரயில் விடுபவரும் வீடு கட்டுபவரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசியதுதான் அங்கே அதிசயம். திட்டினாலும் சரி, கைதட்டினாலும் சரி, அந்தப் பாடத்தை நீங்கள் இருவருமே தவறவிட்டீர்கள்.

அடுத்து, இரவில் தங்கமாய் மின்னும் ஹோங்யாடோங். "ஆயிரம் வருடப் பழமை" என்று ஒரு மருமகள் அனுப்பியிருந்தாள். அம்மா, அது 2006-இல் திறந்த வணிக வளாகம். ஆற்றுச் சரிவில் கால் ஊன்றி நின்ற பழைய வீடுகளின் சாயலில் கட்டியது. அழகுதான், ரசி. பழமை என்று மட்டும் சொல்லாதே.

உண்மையில் பழையதாக இருந்தது அதே மாவட்டத்து ஷிபாத்தி. பதினெட்டுப் படி என்று பொருள். மேட்டு ஊரையும் பள்ளத்து ஊரையும் இணைத்த படிக்கட்டுத் தெரு. அதை இடித்து, அதே சாயலில் சுற்றுலாத் தெருவாக்கி 2021-இல் திறந்தார்கள். பழைய வீடுகள் பாழடைந்து கிடந்தன, மறுக்கவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு நல்ல வீடு வேண்டும் என்பதிலும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் குடியிருந்தவர்களை அனுப்பிவிட்டுப் படிகளை மட்டும் திரும்பக் கட்டினால் அதற்குப் பெயர் தெருவா, நாடக மேடையா?

அந்தப் படிகளின் அருகேதான் 1941 ஜூன் 5 அன்று, ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இரவில், சுரங்கத்துக்குள் ஒதுங்கிய மக்கள் நெரிசலிலும் காற்றில்லாமலும் மாண்டார்கள். அன்றைய அரசு சொன்ன கணக்கே ஆயிரத்தை ஒட்டி வருகிறது. அப்போது சோங்கிங்தான் சீனாவின் போர்க்காலத் தலைநகரம். பிற்காலத்தில், லிசிபா வழியாக ஓடும் அதே மோனோ ரயில் ஜப்பானியக் கடனிலும் தொழில்நுட்பத்திலும் வந்தது. பதினைந்து வினாடி வீடியோவில் இதெல்லாம் எங்கே?

என் மீதும் குற்றம் உண்டு. எத்தனையோ வருடங்கள் கரும்பலகையில் யாங்சேயை ஒரு கோடாக இழுத்து, சோங்கிங்குக்கு ஒரு புள்ளி வைத்து, "எழுதிக்கோங்க" என்று அடுத்த பாடத்துக்குப் போனவன் நான். புள்ளிக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இப்போது சொல்கிறேன்.

இனி எந்த ஊர் வீடியோவாக இருந்தாலும் அனுப்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எப்போது கட்டியது? அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள்? அவர்கள் இப்போது எங்கே? பதில் தேடிவிட்டு அனுப்புங்கள், முதல் லைக் என்னுடையது. தேடாமல் அனுப்பினால், வயதாகிவிட்டது என்று பார்க்க மாட்டேன், குழுவிலேயே பெஞ்சு மேல் ஏற்றுவேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்