எதிர்மரையும் வலக்கண்ணாடியும்

மோட்டார் சைக்கிளின் பின்நோக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது அற்ப வேலை என்ற எண்ணமே, அதன் தண்டு இறங்கும் துளையின் மரை அழிந்துபோவதற்குப் பல நேரம் காரணமாகிறது. மரை என்பது திருகின்மேல் சுருளாக ஓடும் வரிப்பள்ளம். ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் கண்ணாடித் தண்டின் விட்டம் 10 மில்லிமீட்டர், அடுத்தடுத்த வரிகளின் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். யமஹா வண்டிகள் பலவற்றின் வலப்பக்கத்தில் மட்டும் இம்மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். முன்னாலிருந்து ஏதேனும் மோதி வலக்கண்ணாடி பின்னோக்கித் தள்ளப்படும்போது தண்டு கடிகாரமுள்ளின் திசையில் சுழல்வதால், வழக்கமான மரை மேலும் இறுகித் தண்டையோ அதன் பிடிமானத்தையோ முறித்துவிடக்கூடும். எதிர்மரையோ தளர்ந்து இடங்கொடுக்கும். இத்துணை அக்கறையுடன் அமைக்கப்பட்ட ஒன்றை, திசையறியாமல் ஸ்பேனரால் பலங்கொண்டு திருகிச் சிதைப்பது வருந்தத்தக்கது. மாட்டும்போது தண்டை முதற்சில சுற்றுகள் கையாலேயே இறக்கி, வேண்டிய கோணத்தில் பிடித்துக்கொண்டு, அதன்பின் பூட்டுநட்டை, அதாவது தண்டு தானாகச் சுழலாதபடி அடியில் நெருக்கிப் பிடிக்கும் நட்டை, இறுக்க வேண்டும். ஆடியை மாற்றுவோர் அது குவியாடியா என்று பார்ப்பதும் அவசியம்; புறம் புடைத்த அவ்வாடி பரந்த பரப்பைக் காட்டினாலும் பின்வரும் வாகனத்தை உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றச் செய்வதால், ஒருபுறம் குவியாடியும் மறுபுறம் சமதள ஆடியும் அமைந்தால் ஓட்டுநரின் தொலைவுக் கணிப்பு குழம்பும். சாலையின் இடப்புறம் செல்லும் இந்தியாவில் முந்துவோர் பெரும்பாலும் வலப்புறமாகவே வருகின்றனர். ஆகவே அழகு கருதி அந்த வலக்கண்ணாடியைக் கழற்றிவிடுவதை ஏற்க இயலாது.