அளந்து விற்கலாமே!

ஜனவரி மாதம் வந்தால் அகத்தியர்கூடம் ஏறுவோர் போனக்காட்டில் வந்து கூடுகின்றனர். அதற்கான அனுமதிச் சீட்டைக் கேரள வனத்துறை இணையம் வழியே வழங்குகிறது. தேயிலைத் தோட்டம் முடங்கிய பிறகும் அதே போனக்காட்டில், இடிந்த லயங்களை விட்டுப் போக வழியின்றித் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு அந்த இணையம் எளிதாகக் கைக்கு எட்டுவதில்லை. வருங்கால வைப்பு நிதி மனுவானாலும், பிள்ளையின் பி.எஸ்.சி. விண்ணப்பமானாலும் விதுராவுக்கு இறங்க வேண்டும். பஸ் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியும் போகும்.

வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருந்தால் இந்த அலைச்சல் மிச்சம்தான். ஆனால் மாதத்தில் மூன்று நான்கு முறை மட்டுமே திறக்கும் லேப்டாப்புக்கு ஏற்ற இணையத் திட்டம் எங்கே? 2024 ஜூலையில் ஜியோவின் 239 ரூபாய்த் திட்டம் 299 ரூபாயாயிற்று. தினம் ஒன்றரை ஜி.பி. என்ற கணக்கில் 28 நாளுக்கு இது செல்லும். 28 நாளை மாதம் என்று எண்ணினால் வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம், 3,887 ரூபாய்! தொட்டாலும் தொடாவிட்டாலும் அன்றைய பங்கு அன்று நள்ளிரவோடு தீர்ந்தது. ரேஷன் கடையில்கூட மாதம் முடியும் வரை தவணை உண்டு.

'அதிகம் தேவைப்படும்போது மேற்கொண்டு டேட்டா வாங்கிக்கொள்ளலாமே' என்பார்கள். அடிப்படைத் திட்டம் உயிரோடு இல்லாவிட்டால் அந்தச் சிறு பொட்டலங்களில் பெரும்பாலானவை பயன்படா.

டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு இந்தக் குறை புரியாததல்ல. இணையம் வேண்டாதவர்களுக்காக, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் அது விதித்தது. சிறப்புத் திட்டங்களின் உச்சக் காலக்கெடுவையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. நல்ல காரியம். ஆனால் கொஞ்சம் டேட்டா மட்டும் வேண்டியவன் அந்த ஆணையில் விடுபட்டுப் போனான். நாலைந்து ஜி.பி., ஒரு வருஷக் கெடு, வேறு திட்டத்தோடு முடிச்சுப் போடாத விலை என்று ஒரு திட்டத்தை எல்லா நிறுவனங்களும் வைத்தாக வேண்டும் எனச் சொல்ல ஆணையத்துக்கு என்ன தயக்கம்?

அதுவரை கைக்காசைக் காக்கச் சில வழிகள் உண்டு. லேப்டாப்புக்கென்று டாங்கிளும் இரண்டாவது சிம்மும் வாங்குவது வீண். போனிலுள்ள ஹாட்ஸ்பாட்டே போதும். ஆனால் லேப்டாப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையை முதலில் நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையேல் மனு அனுப்புமுன் அன்றைய டேட்டா முழுவதையும் அது குடித்துவிடும்!

விலை ஒருபுறமிருக்க, மலைமடிப்பில் சிக்னல் இடத்துக்கு இடம் மாறும். விட்டுப்போன 24,680 கிராமங்களுக்கு 4ஜி தர 2022 ஜூலையில் மத்திய அரசு 26,316 கோடி ரூபாய் ஒப்புக்கொண்டது. 2025 செப்டம்பரில் சுமார் 97,500 கோபுரங்கள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. எண்ணிக்கை பெரிதுதான், தோட்ட லயங்களின் வாசலில் நின்று சிக்னலை அளந்து பார்ப்பதும் பி.எஸ்.என்.எல். அதிகாரிகளின் பொறுப்பாகும்.

மாநில அரசுக்கும் பங்குண்டு. இணைய வசதி கல்வி உரிமையிலும் தனிமை உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபான், முதல் கட்டத்தில் தொகுதிக்கு நூறு வீதம் 14,000 ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என அறிவித்தது. ஒழுகும் லயத்தில் வீட்டுக்கு வீடு கம்பி இழுப்பது சிரமமாக இருக்கலாம். தோட்டத்தில் ஒரு பொது இடத்தில் ஒரே இணைப்பும் வைஃபையும் வைத்தால் எல்லாருக்கும் ஆகும். பிரதமர் வாணி திட்டத்தின் கீழ் 2020 டிசம்பர் முதல் டீக்கடைக்காரரும் உரிமம் இன்றி வைஃபை விற்கலாம். அதற்கு முதலில் மலைக்கு ஒரு கம்பி வந்து சேர வேண்டும். அதைக் கொண்டுவருவதற்கான தேதியை அரசு அறிவிக்கட்டும்.