இழுக்காதீர்கள், திருகுங்கள்

கம்ப்யூட்டர் அதிகம் சூடானால் ஹீட்சிங்கைக் கழற்றித் தூசி தட்டி, புதுப் பேஸ்ட் வைப்பது வழக்கம். அது ஒட்டிக்கொண்டால், சில கடைப் பையன்கள் ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். அது வேலை அல்ல, முரட்டுத்தனம்.

ஏஎம்டியின் ஏஎம்4 வகைப் பிராசஸருக்கு அடியில் 1331 ஊசிகள் உண்டு. அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்கச் சட்டம் கிடையாது. பக்கத்து நெம்புகோல் பூட்டியிருந்தாலும், இழுக்கிற இழுப்பில் பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். ஊசி வளைந்தாலோ ஒடிந்தாலோ பணம் போச்சு.

வழி சுலபம். கம்ப்யூட்டரை 10, 15 நிமிடம் ஓடவிடுங்கள். சூட்டில் பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். கொக்கிகளைக் கழற்றி, ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்ட பிறகே தூக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது.

பேங்க் கணக்கு, பேரப்பிள்ளை முகம், பழைய போட்டோக்கள் எல்லாம் நமக்கு அந்த ஒரு பெட்டியில்தான். ஆகவே கடையில் கொடுக்கும்போது, "சூடாக்கித் திருகி எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். அந்தக் கால் மணிக்குத் தனிக் கூலி கேட்டாலும் கொடுக்கலாம். பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குச் சொல்வார்கள்: "தூஸ்மான்!" மெதுவாக, பதமாக என்று பொருள். ரிப்பேர்க்காரருக்கு முதல் கருவி அதுதான்.