சுவரைத் தாண்டிய புகை

 

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருவோர் போர்வையும் அத்தரும் கொண்டு வந்த காலம் போய், மூடியுள்ள கரி அடுப்பைக் கொண்டு வருவோரும் உண்டு. என் மைத்துனர் கொண்டு வந்த அத்தகைய அடுப்பொன்று, சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் எங்கள் மொட்டை மாடியில் ஏறியது. கோழி இறக்கைகளைப் புகையூட்டிச் சமைப்பது அவருடைய திட்டம்.

தணலின் மீது வைத்துச் சுடுவது வேறு, இது வேறு. கங்குகளை ஒருபுறம் ஒதுக்கி, இறக்கைகளை மறுபுறம் அடுக்கி, மூடிவிட வேண்டும். கங்கின் மேலிட்ட கொய்யா விறகின் புகையும் வெப்பமும் சுற்றி வந்து இறைச்சியைப் பதமாக்கும். ஒன்றரை மணி நேரமாவது பொறுமை வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கேளாமலேயே தோலை உரித்துவிடுவார்கள். தோலுடன் வேண்டுமென்று முன்னரே சொல்லிவிடுங்கள். மிதமான சூட்டில் அத்தோல் ரப்பரைப் போலாகிவிடும். ஆகவே இறுதியில் சில நிமிடங்கள் கங்குகளுக்கு நேர்மேலே வைத்து மொறுமொறுப்பாக்க வேண்டும். புகையூட்டிய இறைச்சி நன்கு வெந்த பின்னரும் இளஞ்சிவப்பாகத் தோன்றக்கூடும், நிறத்தை நம்பாதீர்கள். உட்புறம் 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி இதற்கென்றே கிடைக்கிறது.

மைத்துனர் அவசரத்தில் ஈர விறகைப் போட்டுவிட்டார். வெண்புகை திரண்டெழுந்து சுவரைத் தாண்டியது. சற்று நேரத்தில் பக்கத்து மாடியிலிருந்து ஒரு சிறுவன், “மாமா, பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது” என்றான்.

நான் தலைகுனிந்து நின்றேன். குழம்பு காய்ச்சினால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்ததை, ரமளான் விடுமுறைக்குச் சற்று முன்னர்தான் மதரஸாவில் பாடமாக நடத்தியிருந்தேன். இறக்கையில் நீரைக் கூட்ட இயலாது. அவர்களோ புலால் உண்ணாதவர்கள். ஒரு தட்டு கொடுத்தனுப்பிக் கடமையை முடித்துக்கொள்ளவும் வழியில்லை. அவர்களுக்குச் சேர வேண்டிய பங்கு, அந்தப் புகை நிற்பதுதான்.

விறகை வெளியே எடுத்துக் காற்றுத் துளைகளைத் திறந்தோம். காய்ந்த குச்சிகள் இரண்டே போதுமாயிருந்தன. மெல்லிய நீலப்புகைதான் வந்தது. அடர்ந்த வெண்புகை இறைச்சியையும் கசப்பாக்கிவிடும் என்பதை அன்று சாப்பிட்ட முதல் சில இறக்கைகள் எங்களுக்குக் கற்பித்தன.

சாப்பிட்டு முடிக்கையில் தூறல் விழுந்தது. “மச்சான், அடுப்பை உள்ளறையில் வைத்துவிடலாமா?” என்றார் மைத்துனர். கங்குகள் இன்னும் கனன்றுகொண்டிருந்தன. மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு, அதிலிருந்தோருடன் தீப்பற்றியதைக் கேள்வியுற்ற நபி (ஸல்) அவர்கள், உறங்குமுன் நெருப்பை அணைக்கும்படி பணித்ததாக அபூமூஸா (ரலி) அறிவிக்கிறார்கள். கரிநெருப்பில் தீப்பற்றும் அச்சம் மட்டுமன்று. அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய அறையில் உறங்குபவர் விழிக்காமலேயே இறந்துபோகலாம். அடுப்பு மாடியிலேயே நனைந்தது.

மறுநாள் காலை பாட்டியை நலம் விசாரிக்கச் சென்றோம். “முந்தின நாளே சொல்லிவிடுங்கள், ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்” என்றார். காற்று அவர்கள் பக்கம் வீசும் நாளில் அடுப்பே மூட்டுவதில்லை என்று மைத்துனர் அவருக்கு வாக்களித்தார்.