பெண்கள் வரவில்லை என்று பழி போடாதீர்கள். பரிசோதனையைத் தோட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்!



"தோட்டத்துப் பெண்களைக் கிளினிக்குக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. அவர்களுக்கு விளக்கம் போதாது." சுகாதாரம் பற்றிய கூட்டங்களில் இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சலித்துவிட்டது. இம்முறை பதில் சொல்கிறோம்.

சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் நடக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பெப் பரிசோதனை அங்கே இலவசம். நல்லது. ஆனால் கிளினிக் நடப்பது வேலைநாளில். பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, திரும்பி வந்தால் அன்றைய பேர் போய்விடும். கொழுந்து குறைந்தாலே அரைப்பேர் போடும் தோட்டத்தில், உடம்பில் ஒரு நோவும் இல்லாத ஒருத்தி ஒரு நாள் சம்பளத்தை எப்படி விடுவாள்? இது அறியாமை அல்ல. அடுப்பெரிக்க வேண்டியவளின் கணக்கு.

அந்தக் கணக்கில்தான் உயிர் போகிறது. ஏனென்றால் இந்த நோய் சொல்லிக்கொண்டு வருவதில்லை. எச்.பி.வி. என்ற வைரஸ்தான் இதற்குக் காரணம். உடலுறவால் தொற்றும் இந்த வைரஸ் மிகச் சாதாரணமானது. பெரும்பாலானோர் உடம்பிலிருந்து ஓரிரு வருடங்களில் தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கி, 15, 20 வருடங்களில் புற்றுநோயாக மாறும். அந்தக் காலம் முழுவதும் வலியில்லை. இரத்தம் படத் தொடங்கிய பிறகும், வெளியே சொல்ல வெட்கப்பட்டு, இடுப்பில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போன அக்காமார் எத்தனை பேர்!

பெப் பரிசோதனை, மாறத் தொடங்கிவிட்ட கலங்களைத் தேடுகிறது. எச்.பி.வி. பரிசோதனையோ வைரஸையே தேடுகிறது. யாருக்கு ஆபத்து வரக்கூடும் என்பதை வருடக்கணக்கில் முன்கூட்டியே காட்டுகிறது. இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்து உஸ்மனாபாத் மாவட்டக் கிராமங்களில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. ஒரே ஒரு தடவை எச்.பி.வி. பரிசோதனை செய்த கிராமங்களில் இந்தப் புற்றுநோயால் வந்த சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வைரஸ் இல்லை என்று தெரிந்த பெண்களில் எட்டு வருடங்களில் ஒருவர்கூட இந்த நோயால் சாகவில்லை. அவர்களும் நம்மைப் போல உழைக்கும் ஏழைப் பெண்கள்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் இந்தப் பரிசோதனையையே முதலில் செய்யச் சொன்னது. 30 வயதிலிருந்து, 5 முதல் 10 வருடங்களுக்கு ஒரு தடவை போதும். அதைவிட முக்கியம், பஞ்சு சுற்றிய குச்சியால் மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம். யார் முன்னாலும் உடுப்புக் களைய வேண்டாம். "வெட்கப்படுகிறார்கள்" என்ற சாக்கும் இதோடு போயிற்று.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. களுத்துறை மாவட்டத்தில் 35, 45 வயதுப் பெண்களிடம் இப்பரிசோதனை செய்து பார்க்கப்பட்டது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் அது வந்து சேர இன்னும் எத்தனை வருடம்? 2017 முதல் தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. மகளுக்கு ஊசி கிடைத்தது. அந்த ஊசி கிடைக்காத அம்மாவுக்குப் பரிசோதனையாவது வேண்டாமா?

நம் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வைரஸ் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் அது புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தமல்ல. மேலும் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். அது நடத்தைச் சான்றிதழும் அல்ல. எப்போது தொற்றியது, யாரிடமிருந்து தொற்றியது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. மனைவியைச் சந்தேகப்பட்டுச் சண்டை பிடிப்பதை விட்டு, ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போங்கள்.

சங்கமும் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள், சந்தா கட்டுபவர்கள் பெண்கள். ஆனால் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இந்த விஷயத்தை நாம் வைத்ததில்லை. இனி வைப்போம்:

1. 35, 45 வயதுப் பெண்கள் எல்லோருக்கும் தோட்டத்திலேயே எச்.பி.வி. பரிசோதனை. அந்த வயதில் தவறவிட்டவர்களுக்கும் வேண்டும்.
2. பரிசோதனை நாளுக்கும், மேல் சிகிச்சைக்குப் போகும் நாளுக்கும் கம்பனி முழுப் பேர் போட வேண்டும்.
3. ரிப்போர்ட் தமிழில், அவரவர் கையில், இரகசியமாகக் கிடைக்க வேண்டும்.
4. வைரஸ் இருப்பவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்ட வாகனம்.

அதுவரை கிடைக்கும் பெப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். மாதவிடாய் நின்ற பிறகோ, உறவுக்குப் பிறகோ இரத்தம் பட்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

அடுத்த மாதர் கூட்டத்தில் ஒவ்வொரு லயத்திலும் 35 வயதைத் தாண்டியவர்களின் பெயர்களை எழுதுவோம். அந்தப் பட்டியலோடு துரையிடமும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் போவோம். பெண்கள் வரவில்லை என்றவர்கள் அன்றைக்குப் பதில் சொல்லட்டும்.