ஈரக்காலும் பளபளப்பான தரையும்



மும்பையிலே வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது, படிக்கட்டுகளில் டைல்ஸ் பெட்டிகள் அடுக்கியிருப்பதை அடிக்கடி காண்கிறேன். குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் 225 அல்லது 269 சதுர அடி வீடு பெற்றவர்கள், சில ஆண்டுகள் கழித்துக் கையில் பணம் சேர்ந்ததும் முதலாவது தரையைத்தான் மாற்றுகிறார்கள். ஊரிலே சிவப்புக் காவி பூசிய சிமெண்டுத் தரையில் வளர்ந்தவர்களுக்கு, முகம் தெரியும்படி மின்னுகிற தரை நெடுநாளைய ஆசை. அந்த ஆசையை நான் குறைகூறமாட்டேன். எனக்கும் அது இருந்தது. அதற்கு விலை கொடுத்தவர்களோ என் தாயார்.

எங்கள் குளியலறைக்கு நானும் என் மனைவியும் ஒரு மாலை நேரத்தில் டைல்ஸ் தேர்ந்தெடுத்தோம். கடையின் விளக்கு வெளிச்சத்திலே தந்த நிற டைல்ஸ் பளிங்குபோல மின்னியது. சுவருக்கும் தரைக்கும் ஒன்றாகவே இருந்தால் அழகு என்று கடைக்காரர் சொன்னார், நாங்களும் சம்மதித்தோம். வேலை முடிந்த இரண்டாம் மாதத்தில், அதிகாலையில் அம்மா அங்கே வழுக்கி விழுந்தார்கள். இடுப்புப் பக்கத்து எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியதாயிற்று. “தரையில தண்ணி கெடந்தது தெரியலப்பா” என்பதே அவர்கள் சொன்ன ஒரே வார்த்தை. கடைக்காரரிடத்தில் கோபித்துக்கொள்ள எனக்கு நியாயமில்லை. எழுபத்தைந்து வயதுத் தாய் பயன்படுத்தும் அறைக்கு, அவர்களை ஒரு வார்த்தை கேளாமலே நான் தரை வாங்கினேன்.

மொட்டைமாடியிலிருந்து எவரும் விழாதபடி புதுவீட்டுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டுமென்ற கட்டளையை உபாகமத்தில் எத்தனையோ முறை போதித்தவன் நான். குளியலறை என் நினைவுக்கு வரவில்லை.

பளபளப்பான பரப்பில் தண்ணீர் மெல்லிய படலமாய்க் காலுக்கும் டைல்ஸுக்கும் நடுவே நின்றுவிடுகிறது. சோப்பும் சேர்ந்தால் பிடிப்பு அறவே இல்லை. ஆகையால் குளியலறை, பாத்திரம் கழுவும் இடம், வாசற்படி ஆகியவற்றுக்கு ‘மேட்’ அல்லது ‘ஆன்டி ஸ்கிட்’ வகையையே கேளுங்கள். வழுக்காத தன்மையைச் சில நிறுவனங்கள் தங்கள் விவரப்பட்டியலில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை குறிக்கின்றன. எண் கூடக்கூடப் பிடிப்பு கூடும். அது செருப்புக் காலுக்கான அளவு. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி அளவு உண்டு; குளிக்கும் இடத்துக்கு பி தகுதியானது. பட்டியல் கிடைக்காவிட்டால், மாதிரி டைல்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டிலே சோப்புத் தண்ணீர் ஊற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலை அதில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வீட்டின் மூத்தவர் அருகில் இருந்து பார்க்கட்டும். சிறிய டைல்ஸில் இணைப்புக்கோடுகள் மிகுதி. அவையும் காலுக்குப் பிடிப்புத் தரும். கழுவுகிறவர்களுக்குச் சற்று வேலை கூடும், உண்மைதான்.

சுவர் டைல்ஸைத் தரையில் பதிப்பது மற்றொரு தவறு. சுவருக்கான சாதாரண செராமிக் வகை தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக்கூடியது, பாரத்தையும் தாங்காது. விட்ரிஃபைட் வகையோ அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சுவதில்லை. டைல்ஸைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சடுதியில் மறைந்தால் அது சுவருக்குரியது. குஜராத்தின் மோர்பியிலிருந்து எத்தனை பெயர்களில் பெட்டிகள் வந்தாலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 10க்கு 12 அடி அறைக்கு இரண்டடி டைல்ஸ் 30 வேண்டும். வெட்டுச் சேதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டி 33 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெட்டிகளிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பிரிக்குமுன்னே பாருங்கள். பின்னர் வாங்குவது அதே நிறத்தில் கிடைப்பது அரிது.

பழைய லாதியைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதியதை ஒட்டலாம் என்று மேஸ்திரி சொல்லக்கூடும். செலவும் இடிபாடும் குறையும். ஆனால் சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் எடை கூடுகிறது. தரைமட்டம் உயர்ந்து கதவும் இடிக்கும். பழைய கட்டடமானால் பொறியாளரைக் கேளாமல் செய்யவேண்டாம். குளியலறையிலோ பெயர்ப்பதே நல்லது. பெயர்த்த பின்பு நீர்க்கசிவுத் தடுப்பு பூசி, வடிகுழாயை அடைத்து, ஒரு முழுநாள் தண்ணீரைத் தேக்கி வையுங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் காணப்படவில்லையானால் மட்டுமே டைல்ஸ் பதிக்கட்டும். அண்டைவீட்டாரோடு ஆண்டுக்கணக்கில் வரும் வழக்குகள் இந்த ஒரு நாளில் தவிர்க்கப்படும். வடிகுழாயை நோக்கி 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு வேண்டும். நீர் தேங்கும் தரை எந்த வகையானாலும் வழுக்கும்.

வெட்டுகிற சகோதரரையும் நினைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த டைல்ஸை மின் அரத்தால் அறுக்கும்போது எழும் வெண்தூசியில் சிலிக்கா உண்டு. அது நுரையீரலில் தங்கினால் மீளாத நோயாகும். தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். நல்ல முகமூடியும் வாங்கிக் கொடுங்கள். நாலு மணி நேரம் தாமதமானால் ஆகட்டும்.

பதித்த தரையை ஆசிட் ஊற்றித் தேய்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இணைப்பிலுள்ள சிமெண்டை அது அரித்துவிடும். அதோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் நச்சுவாயு எழும்பும்.

அம்மா மருத்துவமனையிலிருந்து வருமுன்னே, மின்னிய தரையை உடைத்துச் சாம்பல் நிறச் சொரசொரப்பு டைல்ஸ் பதித்து, சுவரில் எஃகுக் கைப்பிடி பொருத்தினோம். முதல் நாள் அதைப் பார்த்து, “இதென்ன, கழுவாத தரை மாதிரி கெடக்கு” என்றார்கள். என் மனைவி சிரித்தாள். பின்பு அம்மா ஊன்றுகோலை வாசலில் சாய்த்துவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உள்ளே சென்றார்கள். மீந்த 3 டைல்ஸ் அவர்கள் கட்டிலுக்கு அடியில், ஷேடு எண் எழுதிய பெட்டியோடே இருக்கின்றன.